'ஆஸ்ட்ரசைஸ்' என்றால் நாடு கடத்துவது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் விளக்கப் பகுதியில், சென்ற வாரம் 'ஆஸ்ட்ரசைஸ்' என்னும் வினைச்சொல்லுக்கு 'நாடு கடத்து' என்று பொருள் தரப்பட்டிருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளும் பகுதி அது. அந்தப் பொருள் பண்டைய ஏதென்ஸுக்குத்தான் பொருந்துமே தவிர, இன்றைய ஆங்கில வழக்குக்குப் பொருந்தாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த வினை 'ஆஸ்ட்ரகான்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு உடைந்த பானை ஓடு என்று பொருள். ஆதன், குவிரன் என்று பெயர் கீறப்பட்ட கீழடி ஓடுகளைப் பார்த்திருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதென்ஸ் மக்கள் ஓட்டில் கீறியது தங்கள் பெயரை அல்ல, ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அவர்கள் நினைத்தவரின் பெயரை. ஆண்டுக்கு ஒருமுறை, அப்படியொரு வாக்கெடுப்பு தேவையா என்று மக்கள் சபையில் முதலில் கேட்பார்கள். தேவை என்று முடிவானால், சில வாரங்கள் கழித்துச் சந்தைவெளியில் கூடி ஓடுகளை இடுவார்கள். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் விவரப்படி, குறைந்தது 6,000 ஓடுகளாவது விழுந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். அதிக ஓடுகளில் யார் பெயர் இருந்ததோ அவர் பத்து நாளுக்குள் வெளியேறி, பத்து ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். அவர்மீது குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அதே சமயம் அவருடைய சொத்தும் குடியுரிமையும் பறிபோகவில்லை என்பதையும், கெடு முடிந்ததும் தலைநிமிர்ந்து திரும்பி வரலாம் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கி.மு. 482இல் இவ்வாறு அனுப்பப்பட்ட ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடீஸை, பாரசீகப் படையெடுப்பு நேர்ந்தபோது கெடு முடியும் முன்பே அழைத்துக்கொண்டார்கள்.

அந்த முறைக்குள்ளும் சூது நுழைந்தது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள பழங்கிணறு ஒன்றில், தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் பொறித்த 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தபோது, அவை அனைத்தையும் எழுதியது ஏறத்தாழ 14 பேரின் கைகள்தான் என்று தெரியவந்தது. வருகிறவர்களிடம் கொடுப்பதற்காக ஒரு கூட்டம் முன்கூட்டியே எழுதிக் குவித்து வைத்திருக்கிறது. ஒருவரை வெளியேற்ற ஊரே கூடியது என்று சொல்லப்படும் இடங்களில், முன்னின்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க இந்த ஓடுகள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினை வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டது. வாக்கெடுப்பு, கெடு, திரும்பி வரும் உரிமை எல்லாம் உதிர்ந்து, ஒரு கூட்டம் தன்னுள் ஒருவரோடு பேச்சுவார்த்தையையும் கொடுக்கல் வாங்கலையும் அறுத்துக்கொள்வது என்ற பொருளே எஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே இது வரும். செய்பவர் இடத்தில் குடும்பம், ஊர், சபை, உடன் வேலை செய்வோர் என ஒரு குழுவே நிற்கும். ஒரு தோழி இன்னொருத்தியிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அரசு ஒருவரை எல்லைக்கு வெளியே அனுப்பினால் அதற்கும் பொருந்தாது. அதைக் குறிக்க 'டிபோர்ட்', 'எக்ஸைல்' போன்ற வேறு வினைகள் உள்ளன. ஒதுக்கப்பட்டவர் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருப்பார். அலுவலக ஊழலை வெளியே சொன்ன ஊழியர், மறுநாளும் அதே மேசைக்குத்தான் வருவார். அவர் வந்து அமர்ந்ததும் அருகில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இந்த வினை சுட்டுவது அந்த நிலையைத்தான். 'நாடு கடத்து' என்று படித்த மாணவர், வாக்கியத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வியில் கட்டாயம் தவறான விடையைத்தான் எழுதுவார்.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'தள்ளி வைத்தல்', 'ஊர்விலக்கம் செய்தல்' என்று நம் மக்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சாதி மாறி மணம் செய்தவர்களின் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, கோயில் வரி வாங்கக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று பஞ்சாயத்தில் கட்டுப்பாடு விதிப்பதை அந்தச் சொற்கள் அப்படியே காட்டுகின்றன. ஏதென்ஸில் இருந்த பத்தாண்டுக் கெடுகூட இவர்களுக்குக் கிடையாது.

எனவே இன்னொரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் செய்திகளில் இந்த வினை வரும்போது, தங்கள் நிருபர்கள் 'புறக்கணிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். தேர்தல் புறக்கணிப்பு, கூட்டப் புறக்கணிப்பு என்று வாக்காளரும் உறுப்பினரும் தம் விருப்பத்தால் விலகி நிற்பதற்கு வழங்கும் சொல் அது. மகாராஷ்டிர அரசு 2016இல் தனிச் சட்டமே இயற்றி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக ஆக்கிய ஒரு கொடுமைக்கும் அதே சொல்லைப் போட்டால், படிப்பவர் அதை ஊராரின் மனத்தாங்கல் என்று எண்ணிக் கடந்துவிடுவார். அத்தகைய செய்திகளில் 'ஊரார் தள்ளி வைத்தனர்' என்றே எழுத வேண்டுகிறேன். மாணவர் பக்கத்திலும் அடுத்த வாரம் பொருளைத் திருத்தி, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.