பால் வண்டிக்கு ரூட் உண்டு, காய்க்கு எப்போது?

வேளாண் விற்பனைத் துறை, போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கேரளாவுக்குப் போகிற லாரிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த லாரிக்குக் காய் வந்து சேருகிற முதல் பதினைந்து, இருபது கிலோமீட்டரைப் பற்றி எழுதவே இந்த மடல். கள்ளிமந்தையம், இடையகோட்டை பக்கம் ஒரு ஏக்கர் கத்தரி, அரை ஏக்கர் வெண்டை, வரப்போரம் நாலு முருங்கை என்று வைத்திருப்பவர்களுக்குக் கை நஷ்டம் அந்தத் தூரத்தில்தான் வருகிறது.

குட்டியானை வண்டி முக்கால் டன் ஏற்றும். வாடகை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 700 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய்கூட வராது. நூறு கிலோவுக்கு அதே வண்டியைப் பிடித்தால் கிலோவுக்கு 8 ரூபாய். தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு இறங்குகிற வாரத்தில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்றால், பறிப்புக் கூலியோடு இந்த வாடகையும் சேர்ந்துதான் அப்படிச் செய்ய வைக்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி பண்ணை அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. எங்களில் முக்கால்வாசிப் பேர் நூறு கிலோக்காரர்கள். தனியாக வண்டி பிடித்துக் கட்டுப்படியாகாது.

அதனால் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓடுகிறது. கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கு, பின்னால் இரண்டு, மேலே முருங்கைக் கட்டு, எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிய பழைய டியூப். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் வெளியே அகட்டி வைத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போவதை உங்களில் பலர் ஜீப்பில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இன்னொரு வழி, வியாபாரியே தோட்டத்துக்கு வண்டி அனுப்புவது. வசதிதான். ஆனால் வண்டி அவருடையது என்றால் விலையும் அவர் சொல்வதுதான். வேறு மண்டியில் என்ன விலை போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான், காயைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது.

இதே ஊர்களில் பால் எப்படிப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவர் இரண்டு லிட்டரைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நடக்கிறார். அங்கே அளந்து, சத்துப் பார்த்து, எழுதிக்கொள்கிறார்கள். குறித்த நேரத்தில் ரூட் வண்டி வருகிறது. அந்த இரண்டு லிட்டருக்காக யாரும் தனி வாடகை கொடுப்பதில்லை, யாரும் பாலோடு நகரத்துக்குப் போவதுமில்லை. வண்டிக்காரருக்கு மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. பால் கொஞ்சம் குறைந்த நாளிலும் வண்டி வரும்.

காய்க்கு இதை அப்படியே செய்ய முடியாது என்பது தெரியும். பாலுக்கு விலை முன்கூட்டியே முடிவானது. காய்க்கு அன்றன்றைக்கு விலை, ரகத்துக்கு ஒரு விலை. ஆனால் பால் முறையில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எடை ஊரிலேயே போடப்படுகிறது. காய் விஷயத்தில் எடை மண்டியில்தான் விழுகிறது. கண்ணெதிரே தராசு பார்க்காவிட்டால் மனசு ஆறாது என்று ஒவ்வொருவரும் சாக்கோடு கிளம்புகிறோம். மூன்று சாக்குக்கு ஒரு ஆள், அரை நாள் போச்சு. அந்த அரை நாள் கூலியை யாரும் போக்குவரத்துச் செலவில் சேர்த்து எழுதுவதில்லை.

இதில் உயிர் போகிற சங்கதியும் இருக்கிறது. சரக்கு வண்டியில் மேலே ஆள் ஏறக்கூடாது என்று சட்டம். சரிதான். ஆனால் காய்க்காரர் மூட்டை மேல் உட்கார்ந்துதான் போகிறார். வண்டி கவிழ்ந்தால் செய்தியில் வருகிறார். அபராதம் போட்டு மட்டும் இது நிற்காது. அவர் ஊரிலேயே நிம்மதியாக இருக்கும்படி ரசீது கொடுத்தால் நிற்கும்.

ஆகவே வண்டி வாங்குவதற்கு முன்னால் தராசு வாங்குங்கள். நாலைந்து ஊருக்குப் பொதுவான ஒரு இடம், எக்ஸ்எல்லில் பத்து நிமிடத்தில் வந்து சேரும்படி. கூட்டுறவுச் சங்கத்துத் தாழ்வாரம் போதும். சாக்கில் பெயரின் முதலெழுத்தை மையால் எழுதுவது எங்களுக்குப் பழக்கம்தான், அதோடு எடையும் எந்த மண்டிக்கு என்பதும் ஒரு சீட்டில். மண்டியில் மறு எடை வித்தியாசப்பட்டால் கேட்க ஒரு தாள் கையில் இருக்கும். எந்த மண்டி என்பதை விவசாயியே சொல்லட்டும். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர்கள் வாங்கிய இடத்துக்கே அனுப்புவார்கள், அதில் தலையிட்டால் முதல் வாரமே திட்டம் படுத்துவிடும்.

ரூட் போடும்போது வரைபடத்தில் குறுக்கு வழி தேடாதீர்கள். எந்த ஊரில் எந்தக் கிழமை பறிப்பு என்று கேளுங்கள். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். கத்தரிக்கு வாரம் இரண்டு பறிப்பு. வெண்டை ஊர்களையும் கத்தரி ஊர்களையும் மாற்றி மாற்றிக் கோர்த்தால் ஒரே வண்டி வாரம் முழுக்க நிறையும். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையை இதோடு சேர்க்க வேண்டாம், விடியும் முன்னால் பறித்து அப்போதே ஓடுகிற சரக்கு அது, அதற்குத் தனிக் கணக்கு. திரும்பி வரும்போது வண்டி காலியாக வரவேண்டியதில்லை. காலிப் பெட்டிகள், உரம், புண்ணாக்கு எல்லாம் டவுனிலிருந்துதான் வருகின்றன. இப்போது அதற்கும் தனி வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று எழுத மாட்டேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது நல்ல காரியம். 2019-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் ஊர்களைச் சந்தை, பள்ளி, மருத்துவமனைகளோடு இணைக்கிற சாலைகளுக்கு 1,25,000 கிலோமீட்டர் இலக்கு வைத்தது. 2020-இல் கிசான் ரயில் விட்டு, காய் பழத்துக்கு ரயில் கட்டணத்தில் பாதியை மானியமாகக் கொடுத்தார்கள், மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாபூருக்கு முதல் ரயில். ரோடும் ரயிலும் சரி, தோட்டத்திலிருந்து ரயிலடி வரைக்கும் வண்டி? 2025-இல் சுய உதவிக் குழுப் பெண்கள் அரசுப் பேருந்தில் 25 கிலோ வரை 100 கிலோமீட்டருக்குக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம் என்றார்கள். அப்பளம், ஊறுகாய்க்கு அருமையான ஏற்பாடு. தக்காளியில் இரண்டு பெட்டி வைத்தாலே 25 கிலோ தாண்டிவிடும்.

பணம் எங்கே என்பீர்கள். சாக்குக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வையுங்கள், தருகிறோம். இலவசம் கேட்கவில்லை. பால் ரூட்டைப் போலவே வண்டிக்காரருக்குக் கிலோமீட்டர் கணக்கில் உறுதி கொடுத்து, வசூல் குறைகிற நாளின் வித்தியாசத்தை மட்டும் முதல் ஒரு வருடம் துறை ஏற்கட்டும். புதிதாக வண்டி வாங்கி நிறுத்த வேண்டாம், இங்கே சும்மா நிற்கிற குட்டியானைகள் நிறைய. நடத்துகிற பொறுப்பை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ கொடுக்கலாம். வியாபாரிகளிடம் மட்டும் வேண்டாம், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

ஒட்டன்சத்திரம் ஒன்றியத்தில் மூன்று ரூட் போதும், சோதித்துப் பார்க்க. அதற்கு எங்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து காலை 11 மணிக்குப் போடாதீர்கள். பறித்த காயைத் தரம் பிரித்துச் சாக்குக் கட்டிக்கொண்டிருப்போம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் எந்த ஊர் என்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
கள்ளிமந்தையம் பக்கத்துக் காய்கறி விவசாயி