குப்பி கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்த முறை இது. பெண்கள் இதற்குத் தயங்குவதற்கு அறியாமையே காரணம் என்கிறீர்கள். கூச்சமும் பயமும்தான் பெரிது என்பேன். தாராவியில் என் அத்தை, மாதிரி எடுக்கக் கொடுத்த குப்பியை நான்கு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு டெஸ்ட்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். அறிகுறி தோன்றும் முன் பார்ப்பதற்குத்தான் இது என்று, திருநெல்வேலித் தமிழில் ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகே சம்மதித்தார்.

தமிழர் வாழும் பகுதிகளுக்குத் தமிழ் பேசும் பெண் சுகாதாரப் பணியாளர்களை மாநகராட்சி அனுப்ப வேண்டும். பரிசோதனை முடிவையும் அவர்களே நேரில், தனிமையில் சொல்லட்டும்.

- ஒரு வாசகி, தாராவி, மும்பை