மான் மேலாண்மை: வழிகாட்டி நூலோடு களத் தேர்வும் கட்டாயமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் காட்டு மான்களைச் சுட்டுக் குறைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதங்களில் பெரும்பாலானவை சுடலாமா கூடாதா என்ற விவாதத்தோடு நின்றுவிட்டன. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகளாகிவிட்ட அந்தத் தீவில், வளர்ந்த மானை வேட்டையாட மனிதரைத் தவிர வேறு யாரும் இல்லை. முளைத்த மரக்கன்றெல்லாம் மேயப்பட்டு, முதிய மரங்கள் மட்டுமே எஞ்சி நிற்கும் காடுகளும் அங்கே உண்டு. எனவே சுடுவது தொடரத்தான் போகிறது. சுடுபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அது தெரியும் என்பதை யார் சோதித்துப் பார்ப்பது என்பவற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் இக்கடிதம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிவப்பு மான், ரோ, ஃபாலோ, சிகா ஆகிய மான் இனங்களின் பெண்மான்களை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மட்டுமே சுடலாம். தாயை நம்பியிருக்கும் குட்டி அநாதையாகிச் சாகக்கூடாது என்பதே இந்தத் தடைக்காலத்தின் முதன்மையான நோக்கம். ஆனால், ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே பரவிவிட்ட முன்ட்ஜாக் என்னும் சிறு மானுக்குத் தடைக்காலமே இல்லை. அது ஆண்டு முழுவதும் குட்டி போடுகிறது, ஒரு குட்டியை ஈன்ற சில நாட்களிலேயே மீண்டும் சினையாகிறது. அப்படியானால் எந்தப் பெண்மானைச் சுடுவது? நன்கு முற்றிய சினையோடு இருப்பதைச் சுடுங்கள் என்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். கேட்பவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் அதன் கணக்கு எளிது: சினைக்காலம் ஏறத்தாழ ஏழு மாதம் என்பதால், வயிறு தெரியும் அளவுக்குச் சினை முற்றியிருக்கும் மானின் முந்தைய குட்டி அதற்குள் பால் மறந்து தனியே மேயத் தொடங்கியிருக்கும். ஒல்லியாகத் தெரியும் தாய்க்கோ புதருக்குள் பால்குட்டி ஒன்று படுத்திருக்கலாம். சட்டம் வாய்திறக்காத இந்த இடத்தில், தொலைநோக்கியில் ஒரு மானின் உடலைப் பார்த்துத் தீர்மானிக்கும் பயிற்சி ஒன்றே குட்டியைக் காக்கிறது.

சுட்ட பிறகான வேலையும் இப்படித்தான். குண்டு பாய்ந்த மான் உடனே விழாமல் ஓடிவிட்டால், அது நின்ற இடத்தில் கிடக்கும் ரோமத்தையும் ரத்தத்தையும் பார்த்து என்ன நடந்தது என்று அறிய வேண்டும். நுரைத்த வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அருகிலேயே விழுந்திருக்கும். பச்சையாக இரைப்பைச் சாறு கலந்திருந்தால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. அப்போது பதறிப்போய்த் துரத்தினால் வேதனையோடு அது இன்னும் வெகுதூரம் ஓடும் என்பதால், சற்றுப் பொறுத்து, பழக்கிய நாயோடு தடம் பிடித்துச் செல்ல வேண்டும். பின்னர் உள்ளுறுப்புகளை நீக்கும்போது நிணநீர்க் கணுக்களில் வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று பார்த்து, காசநோய் போன்றவற்றின் சந்தேகம் எழுந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் சுட்டவரின் கடமைதான். மான் இறைச்சி உணவுச் சந்தைக்குப் போகிறது என்பதால் இது சுடுபவரின் தனிப்பட்ட விவகாரமாக முடிந்துவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் கற்பிக்க பிரிட்டனில் இரண்டு நிலைகளில் மான் வேட்டைச் சான்றிதழ் இருக்கிறது. முதல் நிலையில் எழுத்துத் தேர்வு, இனங்களை அடையாளம் காணுதல், பாதுகாப்பு, குறிபார்த்துச் சுடுதல் ஆகியவை அடங்கும். இரண்டாம் நிலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அங்கீகரிக்கப்பட்ட சாட்சி ஒருவர் உடனிருந்து பார்க்க, மானை நெருங்குவது முதல் இறைச்சியைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வது வரை களத்தில் செய்து காட்ட வேண்டும். மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லை என்பதைக் கண்டு சுடாமல் திரும்பும் பக்குவம் ஒருவருக்கு உண்டா என்பதைத் தேர்வுத்தாளில் எப்படி அறிவது? ஆனால் இந்தச் சான்றிதழை மான் சுடும் ஒவ்வொருவரும் பெற்றாக வேண்டும் என்ற பொதுவான சட்ட நிபந்தனை அங்கே இருந்ததில்லை. பெரும்பாலும் அவரவர் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது. ஜெர்மனியில் அரசின் வேட்டைத் தேர்வில் தேறாதவருக்கு வேட்டை உரிமம் கிடையாது. ஜெர்மனியின் கண்டிப்பையும் பிரிட்டனின் களச் சோதனையையும் இணைப்பதில் என்ன தடை இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. செலவும் நேரமும் ஆகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வயிற்றில் குண்டு வாங்கிய மானிடம் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

பயிற்சி துப்பாக்கி ஏந்துபவரோடு நின்றுவிடவும் கூடாது. உயிரோடு திரியும் காட்டு மான் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. சுடும் உரிமை மட்டும் நிலத்தோடு சேர்ந்தது. ஒரு பண்ணைக்காரர் கொம்புக்காக ஆண்மான்களை நாடுவார், பக்கத்து நிலத்துக்காரர் மரம் வளர்க்க விரும்புவார், மந்தையோ இரண்டு நிலங்களிலும் மாறி மாறி மேயும். ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணைவதால், ஆண்மான்களை மட்டும் எத்தனை சுட்டாலும் அடுத்த ஆண்டுப் பிறப்பு பெரிதாகக் குறையாது; இலக்கைப் பெண்மான்களின் எண்ணிக்கையில்தான் வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில உரிமையாளர்களின் பொறுப்புகளை விளக்கும் நடத்தை நெறி ஒன்று வகுக்கப்பட்டது. அந்த நெறியை நடைமுறைப்படுத்த வேண்டிய உரிமையாளருக்கும், மான் சாணக் குவியல்களை எண்ணி அடர்த்தியை மதிப்பிடவும், மரக்கன்றுகளில் மேய்ச்சல் தடத்தைக் கண்டறியவும், அண்டை நிலத்தாரோடு ஒரே திட்டத்தில் இணையவும் பயிற்சி தரப்பட வேண்டும்.

இத்தனை மான்கள் சுடப்பட்டன என்ற செய்தியை இனி வெளியிடும்போது, அவற்றில் பெண்மான்கள் எத்தனை, சுட்டவர்கள் களத்தில் சோதிக்கப்பட்டவர்களா, அந்நிலத்தில் மரக்கன்றுகள் மீண்டும் எழுகின்றனவா என்ற விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்