கயலுக்கு, தேர்வுகள் பற்றி

கும்பகோணம்,
மே மாதம்

அன்புள்ள கயல்,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள். நேற்று ஆபீஸ் வண்டி வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்குப் போக எந்தத் தேர்வு எழுதலாம் என்று நீ கேட்டது அவசரமாகப் பதில் சொல்லும் விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலீட்டுப் படிப்பான சி.எஃப்.ஏ., ரிஸ்க் படிப்பான எஃப்.ஆர்.எம்., கூடவே எக்ஸெலில் கம்பெனிக் கணக்கைப் போட்டு மதிப்பிடும் ஃபைனான்ஷியல் மாடலிங், மூன்றும் ஒரே பேக்கேஜ், இந்த மாதமே சேர்ந்தால் தள்ளுபடி என்று கோச்சிங் சென்டரில் சொன்னதாகச் சொன்னாய். பணம் பிரச்சினை இல்லை. என் கிராஜுவிட்டியில் உனக்கென்று ஒதுக்கியது அப்படியே இருக்கிறது. ஆனாலும் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

என் காலத்தில் வங்கிக்காரர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. என்று ஒரு தேர்வு. பாஸ் செய்தால் இன்க்ரிமென்ட் ஏறும், புரமோஷனிலும் கணக்கில் வரும். கம்பெனிகளை வாங்க, விற்க, பங்கு வெளியிட உதவுகிற, நீ போக நினைக்கிற இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. மும்பையில் இருக்கிற உன் பெரியப்பா மகனிடம் இதற்காகவே பேசினேன். அந்த வேலைகளைச் செய்கிற டீல் டீமுக்கு ஆள் எடுக்கும்போது சி.ஏ.வா, பெரிய கல்லூரி எம்.பி.ஏ.வா என்றுதான் முதலில் பார்க்கிறார்களாம். சி.எஃப்.ஏ. இருந்தால் நல்லது, ஆனால் கடைசியில் எக்ஸெல் முன்னால் உட்கார வைத்து ஒரு கம்பெனியை மதிப்பிடச் சொல்வார்கள், அங்கேதான் முடிவாகும் என்றான். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சான்றிதழ் மட்டும் உன்னை உள்ளே கொண்டு போகாது.

போன தீபாவளிக்கு வந்தபோது ராத்திரி 11 மணிக்குக் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாயே, ஏதோ சிமென்ட் கம்பெனிக் கணக்கு. லண்டன்காரர்களுக்குக் காலைக்குள் போக வேண்டும், சொத்துப் பக்கமும் பொறுப்புப் பக்கமும் சேரவில்லை, 54 உதைக்கிறது என்றாய். ஒன்பதால் வகுத்துப் பார் என்றேன். மீதியில்லாமல் போயிற்று. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது நாங்கள் லெட்ஜரில் கற்றது. நீ ஆண்டறிக்கையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கி வந்தாய். சரக்கிருப்பு 128 என்று இருந்ததை 182 என்று அடித்திருந்தாய். திருத்தியதும் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் வந்தது. அதோடு மூடி வைத்திருக்கலாம். நீ மற்ற நான்கு வருடக் கணக்கையும் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தாய், மணி ஒன்றரை. இந்த வேலைக்கு உனக்குக் கை இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடமும் சொன்னேன்.

தினமும் மாடல் போடுகிறவள் நீ. அதற்குத் தனியாக ஒரு சான்றிதழ் வாங்கப் பணம் கட்டாதே. எஃப்.ஆர்.எம். நல்ல படிப்புதான், ஆனால் அது கொடுத்த கடன் திரும்புமா, சந்தை சரிந்தால் எவ்வளவு அடிபடும் என்று அளக்கிறவர்களுக்கானது. கம்பெனியை விற்கவும் வாங்கவும் உடன் நிற்கிற வேலைக்கு அது வழி இல்லை. நியூயார்க்கில் இருக்கும் உன் தோழி, அங்கே இந்த வேலைக்கென்று இருக்கிற சீரீஸ் 79 தேர்வை எழுதினாள் என்றாயே, அதைப் பற்றியும் கவலைப்படாதே. அங்கே ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்து முன்மொழிந்த பிறகுதான் அதை எழுதவே முடியும்.

இனி சி.எஃப்.ஏ. அது முதலில் முதலீட்டை நிர்வகிக்கிறவர்களுக்காக வந்த, மூன்று நிலையாக எழுத வேண்டிய படிப்பு. இருந்தாலும் முதல் நிலையில் வரும் நிதிநிலை அறிக்கைகள், கார்ப்பரேட் ஃபைனான்ஸ், பங்கு மதிப்பீடு எல்லாம் உன் வேலைக்கு நேராக உதவும். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நேரக் கணக்கைப் போட்டுப் பார். ஒரு நிலைக்கு 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று தேர்வை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள், மூன்று நிலைக்கு 900. உனக்கு வாரத்துக்கு 10 மணி நேரம் கிடைத்தால் அதிகம். அப்படியென்றால் முதல் நிலைக்கு மட்டும் 30 வாரம். அதிலும் சமீப வருடங்களில் பத்துப் பேர் எழுதினால் நான்கைந்து பேர்தான் தேறுகிறார்கள். மூன்றும் முடித்தாலும் 36 மாதத்துக்குக் குறையாமல் 4,000 மணி நேரப் பணி அனுபவம் காட்டினால்தான் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போடலாம். அதனால் மூன்று நிலைக்கும் இப்போதே உறுதி எடுக்காதே. முதல் நிலையை எழுது. முடித்த பிறகு வேலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மேலே யோசி.

அதற்கு முன்னால் ஒன்று. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி வைத்திருக்கும் பெயர் மெர்ச்சன்ட் பேங்கர். செபி ஏற்படுத்திய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் இதற்கென்றே சீரீஸ் 9 என்று ஒரு தேர்வு நடத்துகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். சின்னத் தேர்வு என்று கோச்சிங்காரர் அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை போலிருக்கிறது. ஐ.பி.ஓ. என்கிற முதல் பங்கு வெளியீடு, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் உரிமைப் பங்கு, கம்பெனியைக் கையகப்படுத்தும் விதிகள் எல்லாம் அதில் வருகின்றன. மும்பையில் நேர்முகத்துக்குப் போகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஜூன் முடிவதற்குள் எழுதிவிடு. ஜூலையில் சி.எஃப்.ஏ.க்கு உட்கார்ந்தால் பிப்ரவரித் தேர்வுக்கு 30 வாரம் சரியாகக் கிடைக்கும்.

இடையில் ஒரு கம்பெனியின் டி.ஆர்.எச்.பி.யை, அதாவது பங்கு வெளியிடும் முன் செபியிடம் கொடுக்கும் வரைவு அறிக்கையை, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படி. செபி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்று ஒரு பகுதி இருக்கும், அதே துறையின் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டிருப்பார்கள். அதை மூடி வைத்துவிட்டு, நீயே ஒரு மதிப்பு போட்டுப் பிறகு திறந்து பார். நேர்முகத்தில் எடுத்து வைக்க அதைவிட நல்லது உன்னிடம் இருக்காது.

கோச்சிங் சென்டருக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. சி.எஃப்.ஏ. கட்டணம் டாலரில், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கிரெடிட் கார்டில் கடன் வைக்காதே. அப்புறம், எந்தக் கம்பெனியை எடுக்கிறாய் என்று சொல், அந்த டி.ஆர்.எச்.பி.யில் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. ரிஸ்க் பகுதியை நான் படித்துவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா