நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை மாட்டியிருக்கும் அன்பர்களுக்கு

வணக்கம். போன மாதம் சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போது திண்டிவனத்துக்கு முன்னால் உங்களில் ஒருவர் கடையில் வண்டியை நிறுத்தினோம். பித்தளை டபரா பளபளவென்று இருந்தது. காபி கொண்டுவந்த பையனிடம், "தம்பி, டிகிரின்னா என்ன?" என்று கேட்டேன். "காலேஜ் படிச்சவங்க குடிக்கிறதுண்ணா" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் ஊர் வந்து சேரும் வரை அது மனதை விட்டுப் போகவில்லை.

அவன்மேல் தப்பில்லை. ஊருக்குள்ளேயே இதற்கு மூன்று கதை உண்டு. சிக்கரி என்பதுதான் வாயில் புரண்டு டிகிரி ஆனது என்பார்கள். பில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாக்‌ஷன்தான் டிகிரி என்பார்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது கதைதான் செல்லும்: டிகிரி என்பது பாலின் கெட்டிக்குப் பார்க்கும் அளவு. என் தாத்தா அரசலாற்றுக்குத் தெற்கேயிருந்து பெரிய கடைத்தெருப் பக்கம் இருந்த ஒரு காபி கிளப்புக்குப் பால் ஊற்றியவர். அதனால் நான் இந்தக் கட்சி.

அந்தக் கிளப் முதலாளி அய்யர் விடியற்காலையில் கொல்லைப்புற வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். ஒரு செம்புப் பாலை உயரமான குவளையில் ஊற்றி, பால்மானியை, அதாவது பாலின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை, மெல்ல விடுவார். கெட்டிப் பாலில் அது மேலே நிற்கும், தண்ணீர் கலந்தால் அமிழும். ஆனால் பால்மானியையும் ஏமாற்றலாம். வெண்ணெய் எடுத்த பால் கனம் கூடியது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கணக்கு சரியாகிவிடும். அய்யருக்கு அதுவும் தெரியும். குழாயை எடுத்த கையோடு பாலை விரல்நுனியில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். பிசுக்கு இல்லையென்றால் சத்தம் போட மாட்டார். "இது மோருக்கு இருக்கட்டும்ப்பா" என்று பானையைத் தள்ளி வைப்பார். அன்றைக்கு அரைக் காசுதான். தாத்தாவுக்கு ஒரே ஒரு தடவை அப்படி ஆனதாம். அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாலைக் காய்ச்சுவது ஒரே தடவை. டிகாக்‌ஷன் தீர்ந்தால் எத்தனை பேர் காத்திருந்தாலும், "ஆயிடுத்து, அப்புறமா வாங்கோ" என்பதுதான் பதில். பழைய தூளில் இரண்டாம் வெந்நீர் விடுகிற வழக்கமே அங்கே இல்லை. வியாபாரத்துக்கு இது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். ஊரில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பஞ்சாமி அய்யர் காபி கிளப்பின் பசும்பால் காபியைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்கலாம். காபிக்கொட்டை எங்கள் மண்ணில் விளைவதில்லை. குடகிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தது. கும்பகோணம் தன் பங்குக்குக் கொடுத்தது பால், பித்தளை, பொறுமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடைச் சுவர்களில் குடுமி வைத்த அய்யர் சிரித்துக்கொண்டே டபராவில் ஆற்றும் படம் இருக்கிறதே, அந்தப் படத்துக்கு வெளியே நின்றவர் என் தாத்தா. அவர் கொடுத்த பாலில் போட்ட காபியை அவர் உள்ளே உட்கார்ந்து குடித்ததில்லை. கொல்லைத் திண்ணையில், தனி டம்ளரில், குடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அந்தத் திண்ணைக்குக்கூட வர முடியாதவர்கள் இருந்தார்கள். 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய காலம் அது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்பது ஒழிந்ததே 1941-ல்தான். ஓட்டல் பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லி 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அய்யர் பாலில் நேர்மையானவர். அந்த நேர்மை கொல்லை வாசலோடு நின்றுவிட்டது. இரண்டையும் தாத்தா ஒரே மூச்சில்தான் சொல்லுவார்.

கிளப் எப்போதோ மூடியாயிற்று. பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கப் போய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வெற்றிலையைப் போல அதற்குப் புவிசார் குறியீட்டு முத்திரை வாங்கிவைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் காலையில் காய்ச்சிய பாலைச் சாயங்காலம் வரை சூடுபண்ணிக்கொண்டே இருந்துவிட்டு அதை டிகிரி என்று சொல்லாதீர்கள். டபராவுக்குக் கொடுத்த காசில் பாதியைப் பாலுக்குக் கொடுங்கள். பால் கொண்டுவருகிறவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். 2028 மகாமகத்துக்கு ஊரே உங்கள் வழியாகத்தான் வரும். அதற்குள் அந்தப் பையனுக்கும் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

தாத்தா, மோர்ப்பானைச் சம்பவத்துக்கு அப்புறம், தானே ஒரு பால்மானி வாங்கி, ஆற்றைத் தாண்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டுத்தான் போவாராம். அது எங்கள் வீட்டுப் பரணில் துணி சுற்றி இருக்கிறது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் கொடுக்கிறேன், காட்சிக்கு அல்ல, பயன்படுத்த. காலை 6 மணிக்கு முன்னால் வாருங்கள். அப்போதுதான் மாடு கறப்போம், சோதித்துப் பார்த்தே எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
பால்காரர் பேரன்