காய்ச்சல் பட்டியலில் எந்த முகவரி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் டெங்கு எத்தனை பேருக்கு என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. அரசு ஓர் எண்ணைச் சொல்லும். தனியார் மருத்துவர்கள் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார்கள். நாளிதழ்கள் இரண்டையும் அருகருகே அச்சிடும். இந்த எண்ணிக்கைச் சச்சரவில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். காய்ச்சல் கண்டவர்களைச் சுகாதாரத் துறை பதிந்துவைக்கும் பட்டியலில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் எதிரே இருக்கிறதே ஒரு முகவரி, அது எந்த முகவரி? 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட நகராட்சிகளுள் ஒன்றில் சுகாதார ஆய்வாளராக இருந்து, காய்ச்சல் பட்டியலும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தவன் என்பதால் இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகன் வேளச்சேரியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறான். சென்ற ஐப்பசியில் அவன் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்தவர் ஆதார் அட்டையை வாங்கி, அதிலிருந்த முகவரியை அப்படியே கணினியில் ஏற்றிக்கொண்டார். அது வில்லிவாக்கத்தில் இருக்கும் என் வீட்டு முகவரி. ஒன்பது நாள் கழித்து, பேத்தி குணமாகி வீடு திரும்பிய பின், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இருவர் என் வாசலில் வந்து நின்றார்கள். மேல்நிலைத் தொட்டி, சம்ப், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று ஒன்று விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கொசுப் புழுக்களைக் கொல்லும் அபேட் மருந்தும் ஊற்றிவிட்டுப் போனார்கள். பேத்தி என் வீட்டில் காலடி வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்கள்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. பட்டியலில் இருக்கும் வீட்டுக்குத்தானே அவர்கள் போக முடியும்?

மறுநாள் நானே வேளச்சேரிக்குப் போனேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், யாரோ கழற்றிப் போட்ட ஸ்கூட்டர் டயர் ஒன்று கிடந்தது. அதற்குள் ஒரு கை அள்ளும் அளவுக்குத் தண்ணீர். நான் குனிந்ததும், என் நிழல் பட்ட மாத்திரத்தில் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அதாவது, வில்லிவாக்கத்தில் என் தொட்டியைச் சோதிக்க ஆள் வந்து சேர்வதற்குள் கழிந்த அந்த ஒன்பது நாளில், வேளச்சேரியில் ஒரு தலைமுறைக் கொசு பிறந்து பறந்திருக்கும்.

டெங்கு விஷயத்தில் சரியான வீட்டு முகவரிகூட முழு விடையாகிவிடாது. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. கடித்த நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் காணும். பகலெல்லாம் பள்ளியிலோ, கட்டுமானப் பணியிடத்திலோ, துணிக்கடையிலோ இருப்பவருக்கு நோய் வந்த இடம் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நான் பணியில் இருந்தபோது லைன் லிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பட்டியலின் ஓரத்தில், பென்சிலால் 'பகலில் எங்கே' என்று ஒரு பத்தி போட்டுக்கொள்வேன். மேலதிகாரிகள் அதைக் கேட்டதில்லை, நானும் விட்டதில்லை.

இது புதிய ஞானம் ஒன்றும் அல்ல. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோனபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் பிராட் தெருக் குழாயே காரணம் என்று காட்டினார். அவர் புள்ளி வைத்த வரைபடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த வரைபடத்துக்கு வெளியே, பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்துபோன ஒரு விதவையின் கதை. முகவரியை மட்டும் பார்த்தால் அந்தச் சாவுக்கும் சோஹோவுக்கும் தொடர்பே இல்லை. ஸ்நோ அந்த வீட்டாரிடம் போய் விசாரித்ததில்தான், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை நாள்தோறும் வண்டியில் வரவழைத்து அந்த அம்மாள் குடித்துவந்தது தெரியவந்தது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2020 ஏப்ரல் இறுதியில் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது, கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று வெவ்வேறு மாவட்டங்களில் தொற்று தலைகாட்டியது. வீட்டு முகவரியின்படி அவை ஒன்றோடொன்று ஒட்டாதவை. எங்கே வேலை பார்த்தாய், எங்கே சரக்கு ஏற்றினாய் என்று கேட்ட பிறகுதான் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராதிருந்த 444 இறப்புகளைத் தமிழக அரசு சென்னையின் கணக்கில் சேர்த்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரே நகரத்தில் மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் சுகாதாரத் துறையின் பதிவேடும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. களப்பணியாளருக்கு எஸ், மருத்துவருக்குப் பி, ஆய்வகத்துக்கு எல் என்று மூன்று படிவங்கள். இப்போது அவை இணையத்திலேயே ஏறுகின்றன. ஏற்பாட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் எத்தனை நல்ல மென்பொருளாக இருந்தாலும், வரவேற்பு மேசையில் தட்டச்சு செய்ததைத்தான் அது வரைபடத்தில் காட்டும். தவிர, 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு என்பது மாநகராட்சியின் கணக்கு. கொசுவுக்கு அந்த எல்லை தெரியாது. மேடவாக்கத்தில் குடியிருந்து, தரமணியில் வேலை பார்த்து, அடையாறில் மருத்துவம் பார்த்துக்கொள்பவர் எந்த உள்ளாட்சியின் நோயாளி? தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகளாகிவிட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.

அரசு எண்ணுக்கும் தனியார் எண்ணுக்கும் உள்ள இடைவெளி பற்றியும் ஒரு வார்த்தை. தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அட்டையில் சொட்டு விட்டு உடனே சொல்லும் முடிவை அரசு உறுதியான டெங்குவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வகத்தில் செய்யும் எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால்தான் கணக்கு. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதமான என்.எஸ்.1-ஐத் தேடுவார்கள், பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம்-ஐ. அறிவியல்படி இது சரி, எண்ணிக்கை சுத்தமாக இருக்கும். ஆனால் டயரில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட எலிசா முடிவு எதற்கு? சந்தேகக் காய்ச்சல் என்று தெரிந்த அன்றே ஆள் போகட்டும். உறுதியானதா இல்லையா என்பதைப் பட்டியலில் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எனவே, நோயாளியைப் பதிவு செய்யும் ஒவ்வொரு இடத்திலும் ஆதார் முகவரியோடு 'கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கினீர்கள், பகலில் எங்கே இருந்தீர்கள்' என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தேகத்துக்குரியவை, உறுதியானவை இரண்டையும் தனித்தனியாக, வார்டு வாரியாக, வாரம் ஒருமுறை மக்களுக்கு வெளியிடலாம். எண் மட்டும் போதும். பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் அறிவிப்பு ஒட்டியதையும் பார்த்தவர்கள் நாம். அப்படி ஒட்டுவதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் தலைகுனிவு வரும் என்று பயந்தால் ஜனங்கள் பொய் முகவரிதான் கொடுப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்த ஸ்கூட்டர் டயரை நான் அன்றே கவிழ்த்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அதே கட்டடத்தின் மூன்றாம் தளத்திலும் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று அப்போதுதான் அவர் சொன்னார். அவன் ஆதாரில் மதுரை முகவரியாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
வில்லிவாக்கம், சென்னை.