என் பிள்ளையிடம் அல்ல, என்னிடம் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வாசகர் கடிதப் பகுதியில், டர்பனில் தைப்பூசக் காவடிக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுடன் கோயிலுக்கு வந்த பார்வையற்ற தாய் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். மூத்த சிறுமி தாய்க்குத் தாயாக நடந்துகொண்டதைக் கண்டு கண் கலங்கியதாகவும், விளையாட வேண்டிய வயதில் அந்தப் பிள்ளையின் தலையில் இவ்வளவு பாரம் ஏறியிருப்பதால் உறவினர்கள் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அவர் கூறியிருந்தார். அந்தத் தாய் நான் இல்லை. ஆனாலும் நானும் பிறவியிலேயே பார்வையற்றவள், ஏழு வயது மகளுக்கும் மூன்று வயது மகனுக்கும் தாய், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பவள். எனவே பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

அன்பரின் கருத்தில் ஒரு பாதி எனக்கு உடன்பாடே. பார்வையற்ற தாயின் பிள்ளைமீது பாரம் ஏறுகிறது என்பது உண்மை. அதை ஏற்றுகிறவர்கள் யார் என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

காய்கறிக் கடையில் நான் இருநூறு ராண்ட் நோட்டை நீட்டுகிறேன். மீதிப் பணம் என் கைக்கு வருவதில்லை, என் மகளின் கைக்குப் போகிறது. தென்னாப்பிரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அகலம், நீளம்தான் வேறு; பத்து ராண்ட் நோட்டு 128 மில்லிமீட்டர், அதிலிருந்து படிக்கு 6 மில்லிமீட்டராகக் கூடி இருநூறு ராண்ட் நோட்டு 152 மில்லிமீட்டர். இரண்டு விரலிடுக்கில் வைத்து ஓரத்தைத் தடவினாலே எந்த நோட்டு என்று சொல்லிவிட முடியும். இதைக் கடைக்காரரிடம் விளக்கிச் சொன்ன பிறகும், "பாப்பா, எண்ணி அம்மாகிட்ட குடும்மா" என்றுதான் அவர் சொல்கிறார். அவர் கெட்டவர் அல்லர். என் மகளுக்குக் கொசுறாக ஒரு வாழைப்பழமும் தருவார். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறாள்.

கடையில் நடப்பதையாவது சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம். ஒரு மருத்துவ நிலையத்தில், மகனுக்குக் காய்ச்சல் என்று போயிருந்தபோது, மருந்து கொடுக்கும் பெண்மணி என்னை விட்டுவிட்டு என் மகள் பக்கம் குனிந்து, எந்த மருந்து எத்தனை வேளை, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, என்னிடம் சொல்லுங்கள் என்றேன். "இல்லைம்மா, இவளுக்குத்தானே பாட்டில் தெரியும்" என்றார். வீடு வரும்வரை என் மகள் பேசவேயில்லை. வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கேட்டால், மறந்துவிடக் கூடாதே என்று மருந்து வேளைகளைச் சொல்லிப் பார்க்கிறாளாம். தம்பியின் காய்ச்சல் தன் ஞாபகத்தை நம்பி இருக்கிறது என்று அந்தப் பிள்ளை எண்ணிக்கொண்டது. அன்பர் கண் கலங்கியிருக்க வேண்டிய இடம் இதுதான்.

மருந்து கொடுப்பதற்கு எனக்கு ஒரு முறை இருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றில், எங்கள் மருந்துக்கடைக்காரர் ஒருமுறை அளவு காட்ட, 5 மில்லி வரும் இடத்தில் உள்தண்டில் பிளேடால் ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். பெருவிரல் நகம் அந்த வெட்டில் இடறும்வரை இழுத்தால் அளவு சரி. காய்ச்சல் மருந்தான பனடோ பாட்டிலில் ஒரு ரப்பர் வளையம், இருமல் மருந்தில் இரண்டு. மற்றவற்றுக்குப் பிரெய்லில் அச்சடித்த ஒட்டுத்தாள். காய்ச்சல் எவ்வளவு என்பதை வாய்விட்டுச் சொல்லும் தெர்மாமீட்டர் இருக்கிறது. மருந்தின் பெயரையும் வேளையையும் என் காதில் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

இத்தகைய முறைகளில் பாதி நான் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்த காலத்தில் அக்காமார்களிடம் கேட்டறிந்தவை. மீதி இங்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் கற்றவை. வெண்கோலைப் பிடித்துக்கொண்டு குழந்தை வண்டியை முன்னால் தள்ள முடியாது, கோல் தொடுவதற்கு முன் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும். ஆகவே கோல் முன்னே போக, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பதே எங்கள் வழக்கம். எங்கள் தெருமுனையில் பழம் விற்கும் ஜூலுப் பெண்மணி அதையும் பார்த்துவிட்டு, எதற்கு இந்த வண்டிச் சங்கடம் என்று, தடித்த துண்டால் குழந்தையை முதுகில் வைத்துக் கட்டும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முடிச்சு நெஞ்சின்மேல், இன்னொரு முடிச்சு இடுப்பில். என் கைகளைப் பிடித்து இரண்டையும் போட வைத்தார். மகன் நடை பழகும்வரை என் முதுகிலேயே வளர்ந்தான். மினிபஸ் டாக்சியில் ஏற இறங்க இரண்டு கையும் எனக்கு ஓய்வாக இருந்தன.

நடக்கத் தொடங்கியதும் அவனுக்குக் கொலுசு போட்டேன். ஆண்பிள்ளைக்கு எதற்குக் கொலுசு என்று மாமியார் தொடக்கத்தில் முகம் சுளித்தார். மேல்நாட்டில் பார்வையற்ற பெற்றோர் பிள்ளையின் செருப்பில் மணி கட்டுவதாகச் சொல்கிறார்கள். நம் பாட்டிமார்கள் பிள்ளை எந்த மூலையில் இருக்கிறது என்று அடுப்படியிலிருந்தே அறிய எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு அது. இப்போது அவன் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் பிஸ்கட் டின்னை நோக்கிப் போகப் பழகியிருக்கிறான். டின் மூடி கிறீச்சிடும் என்பதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

சோறு ஊட்டுவது எப்படி என்று கேட்காதவர் இல்லை. இடது கையின் ஒரு விரல் பிள்ளையின் தாடையில் இருந்தால் வாய் திறப்பதும் மூடுவதும் மெல்வதும் தெரிந்துவிடும். கரண்டிக்கு இந்த வசதி இல்லை, கையால் பிசைந்து ஊட்டும் நம் வழக்கத்துக்கு உண்டு. பேன் பார்க்கவும் கண் வேண்டியதில்லை. விரல் நுனிக்குத் தப்பும் ஈர் கிடையாது. என் பிள்ளைகள் எதையும் "அதோ" என்று சுட்டிக் காட்டுவதில்லை. பூச்சி கடித்தால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, கடித்த இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பேச்சு வருவதற்கு முன்பே மகன் அப்படித்தான் செய்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னால் இயலாதவையும் உண்டு. உடம்பில் தடிப்பு எழும்பினால் அது சிவப்பா, வெறும் வேர்க்குருவா என்று என் விரல் சொல்லாது. காலில் ஏறிய கண்ணாடித் துணுக்கைத் தடவிக் கண்டுபிடிக்கலாம், முழுவதும் வந்துவிட்டதா என்பதற்கு இன்னொருவர் பார்க்க வேண்டும். கணவர் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தால் பக்கத்து வீட்டு ஆயாவைக் கூப்பிடுவேன். அவரும் உறங்கியிருந்தால் கைப்பேசியில் 'பி மை ஐஸ்' செயலியைத் திறப்பேன். 2015இல் டென்மார்க்கிலிருந்து வெளியான அந்தச் செயலி, உலகில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவரை என் கேமராவின் வழியாகப் பார்த்துச் சொல்லவைக்கும். இவை எல்லாமே நான் கேட்டுப் பெறும் உதவி. கண்ணுள்ள தாய் காய்ச்சலுக்கு டாக்டரிடம் ஓடுவதை அவருடைய குறை என்று யாரும் எழுதுவதில்லையே.

பிள்ளைகளைப் பிரித்து வளர்க்கலாம் என்ற யோசனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்பர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். அந்த வகை நல்லெண்ணம் எங்கு போய் நிற்கும் என்பதற்கு நடந்த சம்பவமே இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பார்வையற்ற தம்பதிக்குப் பிறந்த குழந்தையை, தாய் முதன்முதலாகப் பாலூட்டத் தடுமாறியதை ஒரு காரணமாக வைத்து அதிகாரிகள் எடுத்துச் சென்றார்கள்; அந்தக் குழந்தை பெற்றோரிடம் திரும்பி வர 57 நாட்கள் ஆயின. முதல் பிள்ளைக்குப் பாலூட்டத் தடுமாறாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பெற்றோரின் ஊனத்தைக் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கவே கூடாது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் கூறுகிறது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2007லேயே அதை ஏற்றுக் கையொப்பமிட்டு உறுதிசெய்த நாடுகள். என் மகன் பிறந்த மருத்துவமனையில், நான் கட்டிலில் படுத்திருக்க, என் கணவரிடம் "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார்கள். "அவன் அம்மா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் அவர்கள் எதுவும் எழுதிக்கொண்டது போல் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், ஏனெனில் இப்போது என்னை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். மகள் படிக்கும் பள்ளியில் எல்லாச் சுற்றறிக்கையும் வாட்ஸ்ஆப்பில் வருகிறது. தட்டச்சு செய்த தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறார்கள். என் கைப்பேசியில் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் டாக்பேக் என்ற வசதி, எழுத்தாக வந்தால் கடைசிப் புள்ளிவரை வாசித்துவிடும். படமாக வந்தால் "படம்" என்று சொல்லி நின்றுவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலிகளில் போட்டால், சாய்வாகவும் நிழல் விழுந்தும் எடுத்த படத்திலிருந்து பாதி வரிதான் உருப்படியாக வருகிறது. ஐந்து ராண்ட் கொடுத்துவிட்டு வீட்டு உடையில் வரும் சிவிஸ் நாள் ஒன்றில், பள்ளி முழுவதும் வண்ண உடையில் நிற்க, என் மகள் மட்டும் சீருடையில் போய் நின்றாள். ஆசிரியையிடம் நான் முறையிட்டபோது வந்த பதில், "இனிமேல் அவளையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, நல்லா வாசிக்கிற பிள்ளைதானே."

நன்றாக வாசிக்கிற பிள்ளைதான். ஆனால் பெற்றோருக்கு வரும் கடிதம் பெற்றோருக்கு உரியது. கட்டணம் பாக்கி என்று வரலாம்; அவளைப் பற்றிய குறையே வரலாம். அவற்றை அவள் வாயாலேயே கேட்டு, பிறகு அவளையே நான் எப்படிக் கண்டிப்பது? அதே செய்தியைப் படம் எடுக்காமல் அப்படியே ஒட்டி அனுப்பினால் போதும் என்று எழுதிக் கேட்டேன். அந்த ஆசிரியை இப்போது அவ்விதமே அனுப்புகிறார். அவருக்கு வேலை குறைந்ததே தவிரக் கூடவில்லை. அலுவலகத்திலிருந்து வருபவை இன்னும் படங்களாகவே வருகின்றன.

வீட்டில் நாங்கள் சேர்ந்து வாசிப்பது வேறு கதை. தமிழ்ப் படக்கதைப் புத்தகம் வாங்கி, கணவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் அடித்து, அந்தந்த வரிக்கு மேல் ஒட்டிவிடுவேன். அடியில் இருக்கும் படமும் எழுத்தும் பிள்ளைகளுக்குத் தெரியும். மேலே இருக்கும் புள்ளி எனக்குத் தெரியும். இருவரும் இரண்டு பக்கமும் உட்கார, நான் விரலால் வாசிப்பேன், மகள் கண்ணால் தொடர்வாள், ஒரு சொல்லை விட்டுவிட்டால் உடனே பிடித்துவிடுவாள். டர்பனில் தமிழ் வாசிக்கும் பிள்ளைகள் அரிது. என் மகள் வாசிக்கிறாள் என்றால் இந்தப் பிளாஸ்டிக் தாள்களே காரணம். மகன் இப்போது அந்தப் புள்ளிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு, எழுத்துத் தெரியாமலே, "ஒரு ஊர்ல ஒரு யானை" என்று வாசிப்பதாகப் பாவனை செய்கிறான்.

இந்தச் சிறு காரியம்கூட நெடுங்காலம் இந்நாட்டில் சட்டச் சிக்கலாக இருந்தது. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, புத்தகத்தைப் பிரெய்லுக்கு மாற்ற உரிமையாளரின் சம்மதம் வேண்டியிருந்தது. பிளைண்ட் எஸ்ஏ என்ற பார்வையற்றோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அச்சிட்ட எழுத்து எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிபதிகளே ஒத்துக்கொண்ட பின், சுற்றறிக்கை ஒன்றை எழுத்தாகக் கேட்பது அளவுக்கு மீறிய ஆசை ஆகாது.

என் மகள் வீட்டில் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுச் சாமானைத் தரையில் விடக்கூடாது, திறந்த கதவை முழுவதும் திறக்க வேண்டும் அல்லது முழுவதும் மூட வேண்டும், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இவை எங்கள் வீட்டுச் சட்டங்கள். தம்பிக்குச் செருப்பு மாட்டிவிடுவாள், அதற்குக் கூலியாக அவன் பங்கு மிட்டாயையும் பிடுங்கிக்கொள்வாள். எந்த வீட்டு அக்காவும் செய்வதுதான். கோயிலில் யாரோ அவளை அழைத்து, "அம்மாவைப் பத்திரமா பாத்துக்கோம்மா, நீதான் அவங்களுக்குக் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவதைத்தான் நான் வெறுக்கிறேன். அன்று இரவு அவள் என்னிடம், "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா உங்களுக்குக் கண்ணு இருக்காதா?" என்று கேட்டாள்.

இறுதியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். தங்கள் இணையப் பதிப்பில் செய்திகளும் கட்டுரைகளும் எழுத்தாக வருவதால் நாள்தோறும் கேட்டு வருகிறேன். சிறுவர் பகுதி மட்டும், கதை, விடுகதை எல்லாம் சேர்த்து, ஒரே படமாக ஏற்றப்படுகிறது. படத்துக்குக் கீழே கதையை எழுத்தாகவும் ஒருமுறை ஒட்டிவிடச் சொல்லுங்கள். விடுகதைக்கு விடை தலைகீழாக அச்சிடப்பட்டிருப்பதாக மகள் சொல்கிறாள்; அதையும் நேராகவே தந்துவிடலாம், முதலில் விடையைப் பார்க்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்